ரட்லண்ட் கோதுமை வயலில் ஒரு ரோமானியப் பண்ணை: சந்தேகம் உறுதியான விதம்

இங்கிலாந்தின் வரலாற்றுக் கவுண்டிகளிலேயே (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) மிகச் சிறியது ரட்லண்ட். அங்குள்ள கெட்டன் என்ற ஊர், வீடு கட்ட உதவும் சுண்ணாம்புக் கல்லுக்குப் பேர்போனது. 2020 ஊரடங்கு நேரத்தில் ஜிம் இர்வைன் என்பவர் தன் அப்பாவின் நிலத்தில் குடும்பத்தோடு நடக்கப் போனார். கோதுமைக்கு நடுவே வழக்கத்துக்கு மாறான சட்டித் துண்டுகள் கிடந்தன. வீட்டுக்குத் திரும்பியவர் செயற்கைக்கோள் படத்தில் அந்த வயலைத் தேடிப் பார்த்தார். கணினித் திரையில் யாரோ சாக்பீஸால் கோடு போட்டது போல ஒரு கட்டடத்தின் வரைபடம் தெரிந்ததாகப் பிறகு சொன்னார்.

அடுத்து அவர் செய்ததுதான் இந்தக் கதையில் பெரிய விஷயம். ரட்லண்டுக்குத் தொல்லியல் ஆலோசனை தரும் லெஸ்டர்ஷயர் கவுண்டி கவுன்சில் குழுவுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் வழியாக, பழஞ்சின்னங்களைக் காக்கும் அரசு சார்ந்த 'ஹிஸ்டாரிக் இங்கிலாந்து' அமைப்பு உள்ளே வந்து அவசர ஆய்வுக்குப் பணம் ஒதுக்கியது. 2020 ஆகஸ்டிலேயே லெஸ்டர் பல்கலைக்கழகத் தொல்லியல் சேவைப் பிரிவு களத்தில் இறங்கிவிட்டது. அவசரத்துக்குக் காரணம் உழவு. வருடா வருடம் டிராக்டர் ஓடும் நிலம் அது. கீழே இருப்பது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, கலப்பை அதை எந்த அளவுக்குத் தின்றுவிட்டது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பயிர் காட்டிக் கொடுத்தது

செயற்கைக்கோள் படத்தில் சுவர் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அங்கே தெரிவது சுவர் அல்ல, பயிர். புதைந்த கல் சுவருக்கு மேலே மண் குறைவு, ஈரமும் குறைவு. அந்த வரிசையில் நிற்கும் கோதுமை குட்டையாகி, சீக்கிரமே பழுத்து வெளிறிவிடும். பழைய அகழி இருந்த இடத்தில் இதற்கு நேர்மாறு. தூர்ந்துபோன அகழியில் மண் ஆழமாக இருக்கும், ஈரம் நிற்கும், பயிர் உயரமாகவும் கரும்பச்சையாகவும் வளரும். மழை குறைந்த கோடையில் இந்த வேறுபாடு கூர்மையாகிவிடும். 2018 கோடை வறட்சியில் பிரிட்டன் முழுக்க இப்படி நிறைய புது இடங்கள் வானிலிருந்து தெரிய வந்தன.

ஆனால் பயிர்த்தடத்துக்கு வயது தெரியாது. 1,700 வருடத்துக்கு முந்தைய சுவரும் இருநூறு வருடத்துக்கு முந்தைய மாட்டுக்கொட்டகைச் சுவரும் பயிருக்கு ஒன்றுதான். காலம் சொல்வதற்குத் தரையில் கிடக்கும் பொருள் வேண்டும். ரோமானியக் கட்டடம் இருந்த வயலில் விளிம்பு மடிந்த தட்டையான கூரை ஓடு, இரண்டு தட்டை ஓடுகளின் இணைப்பை மூடும் வளைந்த ஓடு, வெப்பக் காற்று போக சுவருக்குள் பதித்த பெட்டி போன்ற குழாய் ஓடு, தரைக்குப் போட்ட சதுரக் கல் சில்லு, சிப்பி ஓடு இவையெல்லாம் கலந்து கிடக்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் ரோமானியக் குப்பையோடு கடல் சிப்பி கிடந்தால், அதைத் தருவித்துச் சாப்பிட ஆள் இருந்திருக்கிறது என்று பொருள்.

இவை எல்லாம் சேர்ந்தால்கூட 'ரோமானியக் கட்டடம்' என்பது வரைக்கும்தான் போகலாம். அது வில்லாவா, அதாவது ஒரு பண்ணையின் நடுவீடா என்பது தனிக் கேள்வி.

மொசைக் கிடைத்தால் போதுமா?

முதல் குழியிலேயே மொசைக் தரை தலைகாட்டியது. நம் ஊர் வீடுகளில் எழுபதுகளில் போட்டார்களே அந்த மாதிரித் தரை இல்லை. விரல் நகம் அளவுக்கு வெட்டிய கல் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்து உருவம் கொண்டுவந்த தரை. பத்திரிகைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆய்வாளர்களுக்குப் போதவில்லை, போதவும் கூடாது.

காரணம் இதுதான். மொசைக் தரை நகரத்து வீடுகளில் உண்டு, பொதுக் குளியலறைகளில் உண்டு, கோயிலில்கூட உண்டு. கிளாஸ்டர்ஷயரில் லிட்னி என்ற இடத்தில் காட்டுக்கு நடுவே குன்றின் மேல் இருக்கும் ரோமானியக் கட்டடத் தொகுதி ஒரு கோயில். நோய் தீர வேண்டி வந்தவர்கள் தங்கிய இடம் என்று கருதப்படுகிறது. அங்கும் மொசைக் இருந்தது. அதே கிளாஸ்டர்ஷயரில் 1864இல் வெளிப்பட்ட செட்வொர்த், பிரிட்டனின் மிகப் பிரபலமான வில்லாக்களில் ஒன்று. அதையே 'இது வில்லா அல்ல, வழிபாட்டு இடம்' என்று இருபதாம் நூற்றாண்டில் வாதிட்ட ஆய்வாளர்கள் உண்டு. நெடுஞ்சாலை ஓரமாக இருந்தால் அரசு அலுவலர்கள் தங்கும் விடுதியாகவும் இருக்கலாம். ரட்லண்டுக்கு இந்தச் சந்தேகம் நன்றாகவே பொருந்தும். லண்டனிலிருந்து லிங்கன் வழியாக வடக்கே போன எர்மின் வீதி இந்தப் பக்கமாகத்தான் போகிறது. அதன் மேல் இருந்த கிரேட் காஸ்டர்டன் என்ற ரோமானியச் சிற்றூரும் அருகில்தான்.

வில்லா என்றால் ஒரு நில உடைமையின் நடுவீடு. சுற்றிலும் வயல், கால்நடை, களஞ்சியம், வேலையாட்கள், வேலி எல்லாம் சேர்ந்ததுதான் அது. ஆகவே ஓர் அறையை எவ்வளவு அழகாகத் தோண்டினாலும் விடை வராது. அறைக்கு வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தோண்டாமல் பார்த்தது

அதற்குத்தான் புவி இயற்பியல் ஆய்வு. காந்தமானியைத் தூக்கிக்கொண்டு வயலை வரிசை வரிசையாக நடந்து அளப்பார்கள். மண்ணிலுள்ள இரும்புச் சேர்மங்கள் சூடுபட்டால் அவற்றின் காந்தத்தன்மை மாறும். ஆகவே அடுப்பு, சூளை, சுட்ட ஓடு எல்லாம் அளவீட்டில் பளிச்சென்று தெரியும். அகழிக்குள் சேர்ந்த மேல்மண் சுற்றியுள்ள மண்ணைவிடக் கொஞ்சம் கூடுதல் காந்தம் கொண்டது, அதனால் அகழியும் கோடாகத் தெரியும். சுண்ணாம்புக் கல் சுவருக்குக் காந்தம் கிட்டத்தட்ட இல்லை என்பதால் அது வெளிறிய கோடாக நிற்கும். ஒரு மண்வெட்டிகூடப் படாமல் முழு வயலின் வரைபடம் கையில் வந்துவிடும்.

ரட்லண்டில் கிடைத்த வரைபடம்தான் கேள்வியைத் தீர்த்தது என்பது என் கருத்து. மொசைக் இருந்த பெரிய கட்டடம் தனியாக இல்லை. உள்ளே இரண்டு வரிசைத் தூண்களோடு நீண்ட களஞ்சியங்கள், வட்ட வடிவக் கட்டுமானங்கள், குளியல் கட்டடமாக இருக்கக்கூடிய ஒன்று, இவை எல்லாவற்றையும் சுற்றி வளைக்கும் எல்லை அகழிகள். வழிபாட்டு இடத்துக்கு இத்தனை களஞ்சியம் எதற்கு? சாலையோர விடுதிக்கு இப்படி அகழி போட்டுப் பிரித்த வளாகம் எதற்கு? வட்டக் கட்டுமானங்களும் கவனிக்க வேண்டியவை. வட்ட வீடு என்பது ரோமானியர் வருவதற்கு முன்பே பிரிட்டனில் இருந்த கட்டட வழக்கம். பல இடங்களில் ரோமானிய காலத்திலும் அது தொடர்ந்தது. பிரிட்டனின் வில்லா உரிமையாளர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள் அல்லர், ரோமானிய வாழ்க்கைமுறையை எடுத்துக்கொண்ட உள்ளூர் நிலக்கிழார்கள் என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து. இந்த வளாகத்தில் மக்கள் இருந்தது கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் என்று கணித்தார்கள்.

அந்தக் காலக்கணிப்பு தற்செயல் அல்ல. 4ஆம் நூற்றாண்டுதான் பிரிட்டனின் கிராமப்புற வில்லாக்களுக்குப் பொற்காலம். ஐரோப்பாவின் பெருநிலப்பரப்பில் பல பகுதிகள் படையெடுப்பிலும் உள்நாட்டுச் சண்டையிலும் அடிபட்டுக் கிடந்தபோது பிரிட்டனின் தெற்கும் கிழக்கும் ஓரளவு அமைதியாக இருந்தன. தானியத்துக்குக் கிராக்கி இருந்தது. ரைன் நதிக்கரைப் படைகளுக்கும் நகரங்களுக்கும் பிரிட்டனிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் கொண்டுவர, பின்னாளில் ரோமப் பேரரசரான ஜூலியன் 359 வாக்கில் ஏற்பாடு செய்ததை அக்காலத்து எழுத்துகளே சொல்கின்றன. கோதுமை விற்ற காசு தரையில் மொசைக்காகப் படிந்தது.

தரையில் இருந்த கதை

சரி, அந்தத் தரைக்கு வருவோம். நீளம் 11 மீட்டர், அகலம் கிட்டத்தட்ட 7 மீட்டர். விருந்து நடக்கும் பெரிய கூடத்தின் தரை. 2020இல் ஒரு பகுதியைத்தான் திறந்தார்கள். 2021 செப்டம்பரில் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தோடு சேர்ந்து பல்கலைக்கழக ஆசிரியர்களும் மாணவர்களும் வேலையைத் தொடர்ந்தார்கள். கிரேக்கர்களின் டிராய்ப் போர்க் கதையிலிருந்து மூன்று படக்கட்டங்கள். முதலாவதில் கிரேக்க வீரன் அக்கிலீஸும் டிராய் இளவரசன் ஹெக்டரும் தேரில் நின்று மோதுகிறார்கள். இரண்டாவதில் செத்துப்போன ஹெக்டரின் உடலைத் தேரில் கட்டி அக்கிலீஸ் இழுத்துப் போகிறான். மூன்றாவதில் ஒரு பெரிய தராசு. ஒரு தட்டில் மகனின் உடல், மறு தட்டில் அதற்கு ஈடாக ஹெக்டரின் கிழத் தந்தை, டிராய் மன்னன் பிரியம் வைக்கும் பொன்.

2021 நவம்பரில் செய்தி வெளியானபோது, டிராய்ப் போரைப் பாடும் ஹோமரின் கிரேக்கக் காவியம் இலியட்டின் காட்சிகளைக் காட்டும் முதல் மொசைக் பிரிட்டனில் கிடைத்துவிட்டது என்று சொன்னார்கள். இந்த நாட்டில் நூறு வருடத்தில் கிடைத்த மொசைக்குகளிலேயே மிகப் பரபரப்பானது இதுதான் என்றார் ஆய்வை நடத்திய ஜான் தாமஸ். இரண்டாவது கூற்று நிற்கிறது. முதலாவது ஆட்டம் கண்டது.

இலியட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தத் தரையைப் பார்த்தால் இடிக்கும். ஹோமரில் இருவரும் மோதுவது தரையில் நின்று, தேரில் அல்ல. பிரியம் இரவில் அக்கிலீஸின் கூடாரத்துக்கு வருவதும், பத்துத் தாலந்து பொன்னும் ஆடைகளும் கொடுத்து உடலை மீட்பதும் 24ஆம் பகுதியில் உண்டு. ஆனால் தராசு கிடையாது. 'உன் எடைக்கு எடை பொன் கொடுத்தாலும் உடலைத் தரமாட்டேன்' என்று 22ஆம் பகுதியில் அக்கிலீஸ் சொல்லும் வசனம் மட்டும்தான் இருக்கிறது. அந்த வசனத்தை மேடையில் செயலாகவே ஆக்கிக் காட்டியவர் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸ். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய 'பிரிஜியர்கள்' நாடகத்தில் உடலைப் பொன்னோடு எடைபோட்டார்கள் என்று பழைய உரைக்குறிப்பு சொல்கிறது. நாடகம் தொலைந்துவிட்டது. 2025 இறுதியில் லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜேன் மசெக்லியாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட கட்டுரை, இந்தத் தரை ஹோமரைப் பின்பற்றவில்லை, அந்தத் தொலைந்த நாடகத்தின் வடிவத்தைப் பின்பற்றுகிறது என்று காட்டியது. படத்தின் அமைப்புகளும் புதிதாக வரைந்தவை அல்ல. கிரேக்கப் பானை ஓவியம், கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதி நாணயம், காலியாவின் (இன்றைய பிரான்ஸ் பகுதி) வெள்ளிப் பாத்திரம் என்று பல நூறு வருடங்களாகக் கைமாறி வந்த வரைமாதிரிகளை அதில் அடையாளம் கண்டார்கள்.

எனக்கு இது பெரிய வியப்பாக இல்லை. திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் பதினெட்டு நாள் பாரதம் பார்த்த ஊர்க்காரருக்கு அரவான் களப்பலியும் துரியோதனன் படுகளமும் கண்ணில் நிற்கும். அது வியாசர் புத்தகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று அவர் தேடுவதில்லை. ரட்லண்ட் நிலக்கிழாருக்கும் டிராய் கதை ஏட்டிலிருந்து மட்டும் வந்திருக்க வேண்டியதில்லை. அதோடு தராசுக் காட்சி ஒரே பார்வையில் புரிகிற காட்சி. விருந்துக்கு வந்தவரிடம் விளக்கம் சொல்லாமலே கதையைத் தொடங்கலாம்.

இந்த வகையில் ரட்லண்ட் தனி ஆளும் அல்ல. சோமர்செட்டின் லோ ஹேம் வில்லாவில், ரோமானியக் காவியத்தில் வரும் டைடோ, ஈனியஸ் காதல் கதை தரையில் இருந்தது. பெர்க்ஷயரின் பாக்ஸ்ஃபோர்டில் 2017லும் 2019லும் திறந்த மொசைக்கில் கிரேக்கப் புராண வீரர்கள் பெலப்ஸ், பெல்லரஃபோன் கதைகள். கடல் தாண்டிய ஓர் ஓர மாகாணத்தில், கோதுமை விற்றுப் பிழைத்த குடும்பங்கள் தங்கள் படிப்பைக் காட்டிக்கொண்ட இடம் விருந்துக்கூடத்துத் தரை.

களஞ்சியம் சொன்ன கதை

2022 அகழாய்வில் கவனம் வேறு பக்கம் திரும்பியது. இதைத்தான் நான் இந்த ஆய்வின் சிறந்த பகுதி என்பேன், செய்தித்தாள்களில் இதற்குக் கிடைத்த இடம் குறைவு என்றாலும்.

புவி இயற்பியல் வரைபடத்தில் களஞ்சியம் என்று குறித்திருந்ததில் ஒன்றைத் தோண்டினார்கள். சிறிய தேவாலயம் அளவுக்குப் பெரிய கட்டடம். முதலில் பெரிய மரத்தூண்களை நட்டுக் கட்டிய மரக் களஞ்சியமாக இருந்திருக்கிறது. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் அதைக் கல் கட்டடமாக மாற்றியிருக்கிறார்கள். ஒரு முனையில் விவசாய வேலையோ கைத்தொழிலோ நடந்தது. மறு முனையை மனிதர் வாழும் வீடாக்கி, அதற்குள் குளியல் அறைகளும் கட்டிவிட்டார்கள். ஆவி அறை, வெதுவெதுப்பான அறை, குளிர்ந்த நீர் அறை என்ற வரிசை. தரைக்கு அடியிலும் சுவருக்குள்ளும் வெப்பக் காற்று ஓடும் வழி. வெளியே ஒரு தொட்டி, கூரைத் தண்ணீரைப் பிடித்து வைக்க இருக்கலாம் என்கிறார்கள்.

இந்த ஒரு கட்டடத்தில் பண்ணையின் முழு வரலாறும் இருக்கிறது. களத்துமேடாகத் தொடங்கியது, கையில் காசு சேரச் சேர வசதி ஏறியிருக்கிறது. ஆனாலும் வேலை நடந்த முனையை மூடிவிடவில்லை. குளிப்பவரும் வேலை செய்பவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். பெரிய வீட்டிலும் அதே போக்கு தெரிகிறது. மொசைக் இருந்த விருந்துக்கூடமே பிற்பாடு சேர்த்துக் கட்டியது என்பது அப்போது தெரிய வந்தது. அதை ஒட்டிய தாழ்வாரங்களிலும் வடிவக் கோல மொசைக் துண்டுகள், மெருகேற்றிய பளிங்கு, உடைந்த கல் தூண்கள், வண்ணம் பூசிய சுவர்ப்பூச்சு கிடைத்தன. முழுத் திட்டத்தோடு ஒரே மூச்சில் எழுப்பிய மாளிகை அல்ல இது. வருமானத்துக்கு ஏற்ப அறை அறையாக வளர்ந்த வீடு.

மொசைக் மட்டும் கிடைத்துத் தோண்டலை அங்கேயே நிறுத்தியிருந்தால், ரசனையுள்ள ஒரு பணக்காரரின் விருந்துக்கூடம் என்ற படம்தான் நமக்கு மிஞ்சியிருக்கும். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் களஞ்சியம்தான் சொன்னது.

பிற்காலத்துக் கறைகள்

மொசைக்கின் மேல் தீயில் கருகிய திட்டுகள் இருக்கின்றன, உடைப்புகளும் இருக்கின்றன. பார்த்ததும் 'படையெடுப்பில் கொளுத்திவிட்டார்கள்' என்று தோன்றும். பழைய அகழாய்வு அறிக்கைகளில் இப்படி முடிவு கட்டியவர்கள் நிறையப் பேர். வீடே எரிந்து விழுந்திருந்தால் கருகல் பரவலாக இருக்க வேண்டும். அங்கங்கே திட்டாக இருந்தால் அடுப்பையோ தொழில் தீயையோதான் முதலில் நினைக்க வேண்டும். இங்கே ஆய்வாளர்கள் எடுத்த முடிவும் அந்தத் திசையில்தான்: விருந்துக்கூடம் என்ற பழைய வேலை முடிந்த பிறகு அந்த இடத்தை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அக்கிலீஸின் மேல் நெருப்பு மூட்டியவருக்கு அவன் யாரென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதற்கும் பிறகு, இடிந்து விழுந்த கல் குவியலுக்குள் மனிதரைப் புதைத்திருக்கிறார்கள். எலும்புகள் மொசைக்கை மூடிய இடிபாட்டில் இருந்ததால் வீடு காலியான பிறகான அடக்கம் என்பது உறுதி. அடக்கம் செய்தவர்கள் கட்டடத்தின் அமைப்பைப் பார்த்தே இடம் தேர்ந்திருப்பது போலவும் இருக்கிறது. ரோமானிய காலத்தின் கடைசியிலோ அதற்கு அடுத்து வந்த தொடக்க இடைக்காலத்திலோ இது நடந்திருக்கலாம்.

ரோமானிய ஆட்சியின் முடிவையொட்டிய இந்தக் காலத்தை இன்று கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியிருப்பதற்குச் செட்வொர்த்தும் ஒரு காரணம். அங்கே ஓர் அறைச் சுவரின் அடித்தளக் குழியில் கிடைத்த கரியையும் எலும்பையும் கதிரியக்கக் கார்பன் முறையில் சோதித்ததில், அந்தச் சுவரே கி.பி. 424க்குப் பிறகுதான் கட்டப்பட்டது என்று தெரிந்தது. அந்த அறையின் மொசைக் 5ஆம் நூற்றாண்டின் நடுவில் போட்டது. பிரிட்டனில் ரோமானிய ஆட்சி முடிந்ததாகச் சொல்லும் 410க்குப் பிறகும் ஒருவர் காசு கொடுத்து மொசைக் போட்டிருக்கிறார். 410 என்ற ஆண்டை வைத்து ஒரு வில்லாவின் கதையை முடித்துவிடும் பழக்கத்துக்கு அது ஒரு அடி. ரட்லண்டின் கருகலையும் எலும்பையும் அந்தத் தெளிவோடுதான் படிக்க வேண்டும்.

மூடிவிட்டார்கள்

அகழாய்வு முடிந்ததும் மொசைக்கை மண்ணால் மூடிவிட்டார்கள். கேட்டதும் பலருக்குக் கோபம் வரும்: இவ்வளவு பெரிய பொருளை மறுபடியும் புதைப்பதா? லோ ஹேமில் அப்படிச் செய்யவில்லை. 1938இல் செத்த ஆட்டைப் புதைக்கத் தோண்டிய விவசாயி வழியாகத் தொடங்கிய அந்தக் கதையில், மொசைக்கைப் பெயர்த்தெடுத்தார்கள். இன்று அதை டான்டன் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். பார்வையாளருக்கு அது நல்லதுதான். ஆனால் பெயர்த்தெடுத்த தரை என்பது வீட்டிலிருந்து பிரிந்த தரை. கருகல், உடைப்பு, மேலே கிடந்த இடிபாடு, அதற்குள் இருந்த எலும்பு இவற்றுக்கு இடையேயான ஒழுங்கில்தான் ரட்லண்டின் பாதிக் கதை இருக்கிறது. தரையைத் தூக்கினால் அடுக்கு கலையும். திறந்தே வைத்தாலோ இங்கிலாந்தின் உறைபனியும் மழையும் சில குளிர்காலங்களிலேயே சில்லுகளைப் பெயர்த்துவிடும். மேலே கட்டடம் போட்டுக் காப்பதென்றால் காலாகாலத்துக்கும் பணம் வேண்டும். பாக்ஸ்ஃபோர்டிலும் மூடினார்கள். இந்த விஷயத்தில் நான் மூடியவர்கள் பக்கம்.

மூடினால் மட்டும் போதாது, இரண்டு ஆபத்துகள் மிச்சம் இருந்தன. ஒன்று கலப்பை. அதற்கு நில உரிமையாளரோடு பேசி, அந்த வயலை உழவிலிருந்து விடுவித்துப் புல்வெளியாகவும் தேனீ, வண்ணத்துப்பூச்சிகளுக்கான செடிகள் வளரும் நிலமாகவும் மாற்ற ஏற்பாடு செய்தார்கள். இரண்டாவது, உலோகம் தேடும் கருவியோடு இரவில் வரும் திருடர்கள். ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் பரிந்துரைப்படி அரசு அந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னமாக அறிவித்தது. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அங்கே அனுமதியில்லாமல் தோண்டுவதும் உலோகம் தேடுவதும் குற்றம். பொதுச் செய்தி 2021 நவம்பர் 25 அன்றுதான் வந்தது. அதாவது முதல் குழியிலிருந்து ஒரு வருடத்துக்கும் மேல் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். வெளியே சொல்லும்போது சட்டப் பாதுகாப்பும் கையில் தயாராக இருந்தது.

பொதுமக்கள் பார்ப்பதற்கு என்ன வழி என்பதில் ரட்லண்ட் கவுண்டி கவுன்சிலோடு பேச்சு நடந்தது. கண்டெடுத்தவற்றையும் மொசைக்கின் படப் பதிவுகளையும் அந்த வயலுக்கு வெளியே காட்சிக்கு வைப்பது பற்றியது அது. அதைச் செய்யும்போது மூன்று படக்கட்டங்களுக்குப் பக்கத்திலேயே அந்தக் களஞ்சியத்தின் தரைப்படத்தையும், அதே அளவில் பெரிதாக, வைக்க வேண்டும் என்பேன்.